நான் ஃபைலில் போட்ட எண்கள்

அப்பாவின் ரத்தப் பரிசோதனை அறிக்கையை முதலில் படித்தது நான்தான். கல்லீரலுக்கு ஏஎல்டியைப் பார்க்க வேண்டும் என்று கேள்விப்பட்டிருந்தேன். 38. வழக்கமான அளவுதான். "கல்லீரல் நல்லா இருக்குப்பா" என்றேன். ஆல்புமின் 31க்குப் பக்கத்தில் நட்சத்திரக் குறி இருந்தது. சரியாகச் சாப்பிடுவதில்லை, அதனால்தான் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். கணக்காய்வு வேலை பார்ப்பவன், எண்கள் புரியும் என்ற நினைப்பு.

டாக்டர் ஏஎல்டியில் நிற்கவேயில்லை. ஆல்புமினையும் பிளேட்லெட் 98ஐயும் வட்டமிட்டார். பிளேட்லெட் என்றால் டிங்கி காய்ச்சல்தான் எனக்குத் தெரியும்.

கல்லீரல் செல்கள் சேதமடையும்போது ரத்தத்தில் கசிவது ஏஎல்டி. கல்லீரல் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை அது சொல்லாது. தழும்பேறி இறுகிய கல்லீரலிலும் வழக்கமான அளவிலேயே இருக்கலாம். ஆல்புமின் கல்லீரலே தயாரிக்கும் புரதம். தழும்பு ரத்த ஓட்டத்தைத் தடுத்தால் மண்ணீரல் வீங்கி, பிளேட்லெட்டுகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

"அங்கிள் குடிப்பீங்களா?"

அம்மா முந்திக்கொண்டார். "தொட்டதே இல்ல டாக்டர்!"

20 வருட இனிப்பு நீர், கொழுப்புக் கல்லீரல். அதுவும் போதுமாம்.

வீட்டுக்கு வந்து பழைய அறிக்கைகளைத் தேடி எடுத்தேன். பிளேட்லெட் 162, பிறகு 140, பிறகு 119. இருக்க வேண்டியது குறைந்தது 150. ஒவ்வொரு முறையும் சர்க்கரை அளவை மட்டும் பார்த்துவிட்டு, வரிசையாக ஃபைலில் போட்டவன் நான்தான்.

உணவுக்குழாயில் ரத்த நாளங்கள் வீங்கியிருக்கின்றனவா என்று பார்க்க செவ்வாய்க்கிழமை எண்டோஸ்கோப்பி. லீவு சொல்லிவிட்டேன். அப்பா இன்னும் என்னிடம்தான் கேட்கிறார், "ரிப்போர்ட் நல்லாத்தானே இருந்துச்சு?"