சொல்லாமல் விட்ட குறை

கச்சிராயபாளையத்தைத் தாண்டிக் கல்வராயன் மலையில் ஏறத் தொடங்கினால் ஒரு வண்டியின் உண்மை நிலை தெரிந்துவிடும். கள்ளக்குறிச்சிச் சமவெளியில் ஆறு நாள் ஒழுங்காக ஓடிய என் பழைய கார், வெள்ளிமலைக்குப் போகும் வழியில் ஒரு வளைவில் புகை கக்கி நின்றது. ஓய்வூதியப் பணத்தில் வாங்கிய வண்டி அது.

பட்டறையில் இரண்டு செய்திகள் வெளிப்பட்டன. 48,000 கிலோமீட்டர் காட்டிய மீட்டர் திருத்தப்பட்டிருந்தது. பழைய சர்வீஸ் சீட்டிலேயே 1,10,000 என்றிருந்தது. சிலிண்டர் ஹெட்டில் விரிசல் கண்டு, வெல்டிங் வைத்து மறைத்திருந்தார்கள். விற்றவர் வியாபாரி அல்லர். தம் சொந்த வண்டியை விற்றவர். மீட்டரைப் பற்றிப் பொய் சொன்னார். விரிசலைப் பற்றி வாய் திறக்கவில்லை.

இரண்டும் ஒன்றல்ல என்றார் வழக்கறிஞர். 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17-ஆம் பிரிவின்படி, பொய்யென்று தெரிந்தே ஒன்றை மெய்யென்று சொல்லி இணங்க வைப்பது மோசடி. பேசவேண்டிய கடமை இல்லாத இடத்தில் வெறும் மௌனம் மோசடியாகாது. மீட்டர் கணக்கை அவர் கைப்பேசியில் எழுதி அனுப்பியிருந்ததால் எனக்கு வழி பிறந்தது. வண்டியைத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைக் கேட்கலாம். அல்லது வண்டியை வைத்துக்கொண்டு இழப்பீடு கேட்கலாம். உண்மை தெரிந்த பின்னும் ஓட்டிக்கொண்டிருந்தால் திருப்பும் உரிமை போய்விடக்கூடும். மோசடி தெரிந்த நாளிலிருந்து வழக்குக்கு மூன்றாண்டு அவகாசம் உண்டு. நுகர்வோர் ஆணையம் வியாபாரிகளைக் கேட்கும் இடம். சொந்த வண்டியை ஒருமுறை விற்றவரை அங்கே இழுக்க இயலாது. 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-ஆம் பிரிவில் காவல்துறையிடம் புகார் தரலாம். ஆனால் தொடக்கத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்டவேண்டும்.

வாசக அன்பர்களே! வாங்குமுன் ஓடிய தூரம், விபத்து, பழுது மூன்றையும் கேட்டு எழுதி வாங்குங்கள். கேட்ட கேள்விக்குப் பின் மௌனம் மறைவிடமாகாது.

பதிவுத் தபாலில் நோட்டீஸ் சென்றது. வழக்குக்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் இருவரும் அமர்ந்தோம். அங்கே கட்டணமில்லை, எட்டிய உடன்பாடு தீர்ப்புக்குச் சமம். மீட்டர் பொய்யால் ஏறிய விலையை அவர் திருப்பித் தந்தார். விரிசல் என் தலையில் விழுந்தது.

அதை ஒருவாறு சரிசெய்து விற்க முனைந்தேன். "கேட்டால் சொல்லுங்கள் மச்சான். கேட்காவிட்டால் நீங்களாக ஏன் வாய் திறக்கவேண்டும்? சட்டமே அதை மோசடி என்று சொல்லவில்லையே!" என்றார் மைத்துனர். அந்த யோசனை அன்றிரவு எனக்கும் பிடித்திருந்தது என்பதை மறைக்கமாட்டேன்.

கடைத்தெருவில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு ஈரத்தைக் கண்ட அண்ணல் நபி (ஸல்) அவர்கள், அதை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கக் கூடாதா என்று அந்த வியாபாரியைக் கடிந்துகொண்டார்கள். அவ்வியாபாரி பொய்யேதும் சொன்னதாக அச்செய்தியில் இல்லை. ஈரம் அடியில் இருந்தது, அவ்வளவுதான். குறை கண்டவன் பொருளைத் திருப்பும் உரிமையை நம் ஃபிக்ஹு நூல்கள் தனியே வகுத்துள்ளன. விற்றவன் பொய் சொன்னானா என்பது அங்கே நிபந்தனையன்று.

வாங்க வந்தவர் கேட்கவில்லை. நானே விரிசலைக் காட்டி, எழுதிக் கையொப்பமும் இட்டேன். அவர் இருபதாயிரம் ரூபாய் குறைத்தார், பெற்றுக்கொண்டேன். புறப்படும்போது, "ஊருக்குள் ஓட்டுங்கள், மலைக்கு மட்டும் கொண்டுபோகாதீர்கள்" என்றும் சொல்லி அனுப்பினேன்.