நாற்பத்தைந்து நிமிடம்

மாநாட்டுக்குப் போகிறவர்கள் ஊரைப் பார்ப்பதில்லை. ஊரைப் பார்க்கப் போகிறவர்களுக்கு மாநாட்டில் உட்காரப் பொறுமை இருப்பதில்லை. இரண்டையும் ஒரே பயணத்தில் முடித்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு 2024 செப்டம்பரில் நாங்கள் இருவரும் மதுரையிலிருந்து கொச்சிக்குப் புறப்பட்டோம். பள்ளித் தோழர்களான நாங்கள் சேர்ந்து நடத்துவது ஒரு சிறிய சுற்றுலா அலுவலகம். இரண்டாண்டுக்கு ஒருமுறை கூடும் கேரள டிராவல் மார்ட்டில் விடுதிக்காரர்களிடம் விலை பேசுவது முதல் நோக்கம். கடைசி நாள் காலையில் மட்டாஞ்சேரியை நிதானமாகப் பார்ப்பது இரண்டாவது.

மார்ட் நடந்த வில்லிங்டன் தீவின் பெரும்பகுதி மனிதர் உண்டாக்கியது. துறைமுகத்துக்காகக் காயலைத் தூர்வாரிய மண்ணைக் கொண்டு, ராபர்ட் பிரிஸ்டோ என்ற பொறியாளர் எழுப்பிய நிலம் அது. அந்தச் செயற்கை நிலத்தில் நின்றுகொண்டு எல்லோரும் 'அசலான அனுபவம்' பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாங்களும் பேசினோம். பேரம் படிந்தது, பை நிறைய விளம்பரத் தாள்கள் சேர்ந்தன. மாநாட்டைப் பற்றிச் சொல்ல இதற்குமேல் ஒன்றுமில்லை.

ஞாயிறு காலை, தோப்பும்படி வழியாக ஆட்டோவில் மட்டாஞ்சேரி சென்றோம். எத்தனையோ குழுக்களை அனுப்பியிருக்கிறோம். நாங்களே போவது அதுதான் முதல் முறை. இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. எங்கள் பயண நிரலில் அவ்வூருக்கு ஒரே வரி: 'மட்டாஞ்சேரி, அரண்மனை, யூதக் கோயில் – 45 நிமிடம்.'

பரதேசி யூதக் கோயில் 1568இல் கட்டப்பட்டது. 'பரதேசி' என்ற சொல் நம்மிடம் வசவாகிவிட்டது. அங்கே அது வேற்று நாட்டிலிருந்து வந்தவர் என்ற பழைய பொருளோடு கோயிலின் பெயரிலேயே நிற்கிறது. கொச்சி அரசர் தம் அரண்மனைக்குப் பக்கத்திலேயே இடம் கொடுத்திருக்கிறார். காலணிகளைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். தரையில் சீனாவிலிருந்து வந்த நீலமும் வெள்ளையுமான ஓடுகள், மேலே தொங்கும் கண்ணாடி விளக்குகள். இவற்றைவிட எங்களை நிறுத்தியது செப்பேட்டின் நினைவு. கி.பி. 1000ஐ ஒட்டி சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன், ஜோசப் ரப்பான் என்ற யூதருக்குப் பல்லக்கும் குடையும் பகல் விளக்கும் உரிமையாக்கிக் கொடுத்த சாசனம் அது. தலைமுறைகளாக யூதர்கள் காத்துவந்த அந்த உரிமை எழுதப்பட்டிருப்பது ஹீப்ருவில் அன்று, நம் பாண்டிநாட்டுக் கல்வெட்டுகளிலும் காணப்படும் வட்டெழுத்தில்.

நாங்கள் சுவரோர இருக்கையில் அமர்ந்திருந்தபோது ஒரு குழு உள்ளே வந்தது. வழிகாட்டி, "பத்தே நிமிஷம், அப்புறம் மசாலாக் கடை" என்று தமிழில் அறிவித்தார். எங்கள் குழு அன்று. ஆனால் நாங்கள் நடத்தும் குழுவும் இப்படியேதான் வந்து போகும். எங்கள் நாற்பத்தைந்து நிமிடத்தில் பாதிக்குமேல் மசாலாக் கடைக்கு உரியது. அங்கிருந்து அலுவலகத்துக்குக் கமிஷன் வரும். நண்பரின் முகத்தை நாம் பார்க்க, அவர் தரையைப் பார்த்தார்.

வெளியே தெருவில் பழம்பொருட் கடைகள், அத்தர், ஏலம், காஷ்மீர்ச் சால்வை. இஸ்ரேல் உருவான பிறகு கொச்சி யூதர்களில் பெரும்பாலோர் அங்கே குடிபெயர்ந்தார்கள். தங்கியவர்களும் ஒவ்வொருவராக மறைந்தார்கள். பூத்தையல் கடை வைத்திருந்த சாரா கோஹன் 2019இல், தமது 96ஆம் வயதில் காலமானார். நாங்கள் போவதற்கு ஆறேழு வாரம் முன்பு, 2024 ஆகஸ்டில், குவீனி ஹல்லேகுவாவும் மறைந்துவிட்டார். கூட்டு வழிபாட்டுக்குப் பத்து ஆண்கள் வேண்டும் என்பது யூத மரபு. அத்தெருவின் கடைக்காரப் பெரியவர் ஒருவர், எங்களைத் தமிழர் என்று கண்டுகொண்டு, "பார்க்க ஆயிரம் பேர் வருது சாரே, பிரார்த்திக்கப் பத்துப் பேர் இல்லை" என்றார். குறையாகச் சொல்லவில்லை; மழை பெய்கிறது என்பதுபோல் சொன்னார்.

கோயிலையொட்டிய மணிக்கூண்டின் அடியில் வெகுநேரம் நின்றோம். 1760வாக்கில் எழுந்தது, அதன் முகங்களில் வெவ்வேறு மொழி எண்கள். அரசருக்கும் வணிகருக்கும் தொழ வந்தவருக்கும் அவரவர் மொழியில் நேரம் சொல்லியிருக்கிறது. எங்களுக்கு அது ஒன்றைத்தான் சொன்னது: மதிய ரயிலுக்கு நேரமாகிவிட்டது. ரயிலை விட்டுவிட்டோம். இரவுப் பேருந்தில்தான் திரும்பினோம்.

ஊர் வந்ததும் நிரலைத் திருத்தினோம்: மட்டாஞ்சேரிக்கு அரை நாள், மசாலாக் கடை இல்லை. கமிஷன் போயிற்று, முதல் மாதமே இரண்டு குடும்பங்கள், "அங்கே அரை நாளைக்கு என்ன சார் இருக்கு?" என்று கேட்டு வேறு நிறுவனத்துக்குப் போயின. இந்தத் திருத்தம் எத்தனை நாள் தாங்கும் என்பதில் எங்கள் இருவருக்குள் இன்னும் வாக்குவாதம் உண்டு. கேட்ட குடும்பங்களுக்கு விளம்பரத் தாளில் அச்சிடும்படியாக ஒரு விடையும் எங்களிடம் இல்லை.

ஆட்கள் போய்விட்ட வீட்டுக்கு ஒரு மரியாதை உண்டல்லவா? துக்கம் விசாரிக்கப் போனால் கூடக் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுத்தானே எழுந்து வருகிறோம். அவ்வளவே நாங்கள் கேட்பது.