கருஞ்சீரகமும் ஃபோலிக் அமிலமும்

நெய்வேலி நகரியத்தில் மணமான மகளுக்கு நாம் அன்போடு கருஞ்சீரக எண்ணெய் கொடுத்தனுப்புகிறோம். ஃபோலிக் அமில மாத்திரையோ, பல வீடுகளில் கரு உறுதியான பின்னரே நினைவுக்கு வருகிறது. இவ்விரண்டில் எதற்குச் சான்று வலிது?

பிரிட்டன் மருத்துவ ஆய்வு மன்றம் 7 நாடுகளில் நடத்திய ஆய்வு 1991இல் வெளியாயிற்று. தண்டுவடக் குறையுள்ள குழந்தையை முன்னர் ஈன்ற தாய்மார், அடுத்த கருவுக்கு முன்பிருந்தே ஃபோலிக் அமிலம் உண்டபோது, அக்குறை மீண்டும் நேர்வது 72 விழுக்காடு குறைந்தது. கருவின் தண்டுவடக் குழல் 28 நாள்களுக்குள் மூடிவிடும்; எனவே காலம் முக்கியம்.

கருஞ்சீரகத்துக்கோ சிறு ஆய்வுகளே உள்ளன. அவை இரத்தச் சர்க்கரை ஓரளவு குறைவதைக் காட்டுகின்றன. கருவைக் காப்பதை அன்று.

கருஞ்சீரகத்தைச் சிறப்பித்த நபி (ஸல்) அவர்களே மருத்துவம் செய்துகொள்ளவும் பணித்தார்கள். ஆகவே எண்ணெயை மருத்துவரைக் கேட்டே கொடுப்போம். மாத்திரையை அவர் சொல்லும் அளவில் கருவுறுமுன்பே தொடங்கச் செய்வோம், இன்ஷா அல்லாஹ்.