ஆண்டாளுக்குக் கல்யாணம்... மடவார் வளாகத்தில் பிரசவம் பார்த்த சிவன்! பங்குனி உத்திரத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர்

பங்குனி பிறந்துவிட்டால் ஸ்ரீவில்லிபுத்தூர் கல்யாண வீடாகிவிடும். பெண் வேறு யாருமில்லை, இந்த ஊர் துளசித் தோட்டத்தில் பெரியாழ்வார் கண்டெடுத்த ஆண்டாள்தான். கொடியேற்றத்தோடு தொடங்கும் பிரம்மோற்சவத்தின் உச்சம், உத்திர நட்சத்திரத்தன்று நடக்கும் திருக்கல்யாணம். காலையில் செப்புத் தேர், மாலையில் மாங்கல்ய தாரணம். திருப்பதியிலிருந்து பட்டு வரும். சம்பந்தி வீட்டுச் சீர் வந்த மாதிரி ஊரே அதை வரவேற்கும்.

ஓர் அப்பாவின் கோரிக்கை

இந்தக் கல்யாணம் இங்கே நடப்பதற்கு ஓர் அப்பாவின் துயரம்தான் காரணம் என்கிறது தல வரலாறு. ஸ்ரீரங்கம் சென்ற ஆண்டாள் அரங்கனோடு கலந்துவிட, வளர்த்த பெண் ஒரு நொடியில் கண்ணிலிருந்து மறைந்ததைப் பெரியாழ்வாரால் தாங்க முடியவில்லை. 'என் ஊருக்கு வந்து, எல்லோரும் பார்க்க என் மகளைக் கைப்பிடிக்க வேண்டும்' என்று கேட்டாராம். பெருமாளும் ரெங்கமன்னாராக வந்தார். முகூர்த்தம் தவறாமல் சுமந்து வந்ததற்காகக் கருடனுக்குக் கிடைத்த மரியாதையைக் கருவறையிலேயே பார்க்கலாம். ஆண்டாள், ரெங்கமன்னாரோடு ஒரே மேடையில் கருடனும் நிற்கிறார். மற்ற பெருமாள் கோயில்களில் கருடனின் இடம் சந்நிதிக்கு எதிரே.

ஆண்டாள் கையில் இருக்கும் கிளியையும் கவனியுங்கள். மரவள்ளி இலையில் உடல், மாதுளம்பூவில் அலகு என்று தினமும் புதிதாகக் கட்டுகிறார்கள். நேற்றைய கிளி இன்று கிடையாது.

திருக்கல்யாணக் கூட்டத்தில், பெண்ணுக்கு வரன் அமையாத பெற்றோரைத் தனியாகத் தேட வேண்டியதில்லை. ஆண்டாள் சூடிய மாலைக்காக நீளும் கைகளே சொல்லிவிடும். மகளை வழியனுப்பிய ஓர் அப்பா இந்தக் கதையில் இருப்பதால்தான், தங்கள் கவலை இங்கே புரியும் என்று நம்புகிறார்கள்.

அடுத்த நிறுத்தம்: மடவார் வளாகம்

ஆண்டாள் கோயிலிலிருந்து ஆட்டோவில் சில நிமிடங்கள். மடவார் என்றால் பெண்கள். இங்கே வைத்தியநாத சுவாமியும் சிவகாமி அம்பாளும் அருள்கின்றனர். நிறைமாதப் பெண் ஒருத்தி, தாய் வந்து சேராததால் தானே தாய் வீட்டுக்கு நடந்தாள். வழியில் வலி எடுத்தது. துணைக்கு யாருமில்லை. அப்போது சிவனே அவள் தாயாக வந்து பிரசவம் பார்த்து, தாகத்துக்குத் தண்ணீரும் வரவழைத்துக் கொடுத்தார் என்பது தல வரலாறு. திருமலை நாயக்கரின் தீராத வயிற்றுவலியும் இங்கேதான் தீர்ந்தது என்பார்கள்.

ஊர் அமைந்திருக்கும் விதத்தைப் பாருங்கள்! அங்கே மாலை வாங்கிக் கல்யாணம் ஆனவர்கள், அடுத்து சுகப்பிரசவம் வேண்டி இங்கே வருகிறார்கள். ஒரு குடும்பத்தின் இரண்டு பெரிய கவலைகளுக்கும் ஒரே ஊரில் சந்நிதி. உத்திரக் கூட்டம் அங்கே நெரியும்போது, இங்கே நின்று நிதானமாகக் கும்பிடலாம். வைகாசி விசாகம் வந்தால் இந்தக் கோயிலுக்கும் திருவிழாக் களை வந்துவிடும்.

கிளம்புவதற்கு முன்...

* சென்னையிலிருந்து செங்கோட்டை செல்லும் பொதிகை எக்ஸ்பிரஸ் ஸ்ரீவில்லிபுத்தூரில் நிற்கும். மதுரை, ராஜபாளையத்திலிருந்து பேருந்துகள் நிறைய உண்டு.
* பங்குனி வெயில் கடுமையானது. மதியம் நடை சாத்தியிருக்கும் என்பதால் காலை தேர், மாலை கல்யாணம் என்று திட்டமிடுங்கள். குழந்தைகள், பெரியவர்கள் உடன் வந்தால் தண்ணீர் பாட்டில் அவசியம்.
* வடபத்ரசாயி கோயிலின் 11 நிலை ராஜகோபுரத்தைத் தவறவிடாதீர்கள். தமிழக அரசின் முத்திரையில் நாம் பார்க்கும் கோபுரம் இதுதான் என்பது ஊர்க்காரர்களின் பெருமை.
* 2019-ல் புவிசார் குறியீடு பெற்ற பால்கோவாவை வாங்காமல் ஊர் திரும்பினால் வீட்டில் பதில் சொல்ல வேண்டியிருக்கும். கல்யாணத்துக்குப் போய்விட்டு வெறுங்கையோடு வரலாமா?