கடல் கண்ணாடி

பணி ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியை அழைத்துக்கொண்டு தாம்பரத்திலிருந்து வண்டலூர், கேளம்பாக்கம் வழியாகக் கோவளம் போனேன். 2021-இல் நீலக்கொடிச் சான்று பெற்ற பகுதி சுத்தமாக இருந்தது. அதைத் தாண்டிப் படகுகள் நிற்கும் பக்கம் நடந்தோம். ஒரு மணி நேரத்தில் பேத்தியின் கையில் ஏழு கண்ணாடித் துண்டுகள். பச்சை நான்கு, பழுப்பு இரண்டு, வெள்ளை ஒன்று.

"தாத்தா, கல்கண்டு மாதிரி இருக்கு!"

வேதியியல் வாத்தியார் சும்மா இருப்பேனா? ஆரம்பித்துவிட்டேன். மணல், சோடா சாம்பல், சுண்ணாம்பு இவற்றைச் சேர்த்து உருக்கினால் கண்ணாடி. உடைந்த பாட்டிலை அலை புரட்டிப் புரட்டி மணலில் தேய்க்கிறது. கடல்நீர் அதன் மேற்பரப்பை மெல்ல மெல்ல அரிக்கிறது. கூர் மழுங்கி, பனி படர்ந்தாற்போல ஆகிவிடுகிறது. இதற்குப் பத்துக்கணக்கான ஆண்டுகள்கூடப் பிடிக்கும். கலிபோர்னியாவில் ஃபோர்ட் பிராக் என்ற ஊரில் 1967 வரை கடலோரத்தில் குப்பை கொட்டினார்கள். இன்று அந்தக் 'கண்ணாடிக் கடற்கரை'யைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள்.

பக்கத்தில் ஒருவர் வலை பின்னிக்கொண்டிருந்தார். "இங்கே கண்ணாடி நிறையக் கிடைக்குமா தம்பி?" என்று கேட்டேன்.

அவர் பாதத்தைத் திருப்பிக் காட்டினார். குதிகாலில் நீளமாக ஒரு தழும்பு. "எங்களுக்கு இப்படித்தான் சார் கிடைக்கும். வலை இழுக்கறப்போ செருப்பா போட முடியும்?"

எனக்குப் பேச்சு வரவில்லை. 1988-இல் இதே கரைக்கு மாணவர்களைச் சுற்றுலா கூட்டி வந்திருந்தேன். என் கையிலிருந்த சோடா பாட்டில் நழுவி, கீழே கிடந்த இன்னொரு பாட்டில் மேல் விழுந்து உடைந்தது. பிள்ளைகள் மிதித்துவிடக் கூடாதே என்று காலால் மணலைத் தள்ளி மூடினேன். கடைக்காரருக்குப் பாட்டில் காசு கொடுத்தேன். கணக்கு தீர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தத் துண்டு மழுங்குவதற்குள் யார் காலைக் கிழித்ததோ!

பேத்தியிடம் மறைக்காமல் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் நடந்தாள். பிறகு, "கூரா இருக்கிறதையும் பொறுக்கலாமா தாத்தா?" என்று கேட்டாள். "நீ தொடாதே, எங்கே இருக்கிறது என்று காட்டு, நான் எடுக்கிறேன்" என்றேன். திரும்பும்போது செய்தித்தாளில் சுற்றிய பதினோரு துண்டுகள் என் பையில் இருந்தன.

நண்பர்களே, கடற்கரையில் பாட்டில் உடைந்தால் மூடாதீர்கள். குனிந்து பொறுக்கிவிடுங்கள்.