நிறம் மாறிய நீர்

வாகனத்தின் இயந்திரம் எரிபொருளை எரித்து ஓடுகிறது. அவ்வாறு எரியும்போது உண்டாகும் ஆற்றல் முழுவதும் சக்கரங்களைச் சென்றடைவதில்லை. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை நகர்த்தப் பயன்படுகிறது. பெரும்பகுதி வெப்பமாக மாறிவிடுகிறது. அதில் ஒரு பகுதி புகையோடு வெளியேறுகிறது. மற்றொரு பகுதி இயந்திரத்தின் உலோகச் சுவர்களிலேயே தங்கிவிடப் பார்க்கிறது. அதை உடனுக்குடன் வெளியே எடுத்துச் செல்ல வேண்டும். இல்லாவிட்டால் உலோகம் விரிந்து, வளைந்து, இயந்திரமே பாழாகிவிடும். இந்த வேலையைச் செய்வதுதான் 'கூலண்ட்' எனப்படும் குளிர்விப்பு நீர்மம். அது இயந்திரத்துக்குள் சுற்றி வந்து வெப்பத்தை ஏற்றுக்கொள்கிறது. பின்னர் முன்புறத்திலுள்ள ரேடியேட்டரில் பாய்ந்து அந்த வெப்பத்தைக் காற்றில் விட்டுவிடுகிறது.

மலேசியாவில் பனி பொழிவதில்லை. ஆகவே, குழாய்த் தண்ணீரே போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். தண்ணீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும். தண்ணீரும் எத்திலீன் கிளைக்காலும் சரிபாதியாகக் கலந்த கூலண்ட் ஏறக்குறைய 107 பாகையில்தான் கொதிக்கும். ரேடியேட்டர் மூடி உள்ளே அழுத்தத்தைத் தேக்கி வைப்பதால் அந்த எல்லை 120 பாகையையும் தாண்டிச் செல்லும். மேலும், துருப்பிடிக்காமல் காக்கும் பொருள்களும் கூலண்டில் உள்ளன. வெறுந்தண்ணீரில் இந்தப் பாதுகாப்பு எதுவும் இல்லை.

இந்த வேறுபாடு சமவெளியில் உடனே தெரியாமல் போகலாம். மலைச்சாலையில் தெரிந்துவிடும். பேராக் மாநிலத்தின் தாப்பாவிலிருந்து கேமரன் மலையின் தானா ராத்தாவுக்குச் செல்லும் சாலை ஏறக்குறைய 60 கிலோமீட்டர் நீளமுடையது. வளைந்து வளைந்து ஏறும் அந்தச் சாலை, கடல்மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கும் மேலான உயரத்தை அடைகிறது. சுமை ஏற்றிய வண்டி அங்கே குறைந்த கியரில் நெடுநேரம் ஏற வேண்டும். இயந்திரம் கடுமையாக உழைக்கும். காற்றோ மெதுவாகத்தான் ரேடியேட்டரில் படும்.

அந்தச் சாலையில் காய்கறி ஏற்றிப் பிழைக்கலாம் என்று தாப்பாவைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் திட்டமிட்டார். மலையில் விளையும் முட்டைக்கோஸையும் தக்காளியையும் ஈப்போ சந்தைக்குக் கொண்டு செல்ல அவருக்கு ஒரு பிக்கப் வண்டி தேவைப்பட்டது. புதிய வண்டி வாங்க வசதியில்லை. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற தம் தாயார் சேர்த்து வைத்திருந்த பணத்தைக் கொண்டு பழைய வண்டி ஒன்றை வாங்க முடிவு செய்தார். பீடோரில் கொய்யாத் தோட்டம் வைத்திருந்த முதியவர் ஒருவர் தம் டீசல் பிக்கப் வண்டியை விற்கப் போவதாகக் கேள்விப்பட்டுப் பேசி முடித்தார். பணம் கொடுக்கும் முன்னர் வண்டியைப் பட்டறையில் காட்டிவிட வேண்டும் என்பது மட்டுமே இளைஞர் கேட்ட நிபந்தனை. முதியவரும் ஒப்புக்கொண்டார்.

அவர்கள் சென்ற பட்டறையின் உரிமையாளர் முப்பது ஆண்டு அனுபவமுள்ள மெக்கானிக். முதியவர் தம் காரை இருபது ஆண்டுகளாக அவரிடந்தான் பழுது பார்த்து வந்தார். தோட்டத்திலேயே ஓடிய பிக்கப் வண்டியை மட்டும் அங்குக் கொண்டு வந்ததில்லை. அதற்குத் தண்ணீர் ஊற்றுவது முதல் எண்ணெய் பார்ப்பது வரை எல்லாவற்றையும் தோட்டத்து வேலையாள்களே கவனித்துக்கொண்டனர்.

மெக்கானிக் முன்மூடியைத் திறந்து ரேடியேட்டர் குழாயைத் தொட்டுப் பார்த்தார். அது சூடாக இருந்தது.

"வண்டி இப்போதுதான் ஓடி வந்திருக்கிறது. ஒரு மணி நேரம் ஆறட்டும், தம்பி. சூட்டோடு மூடியைத் திறந்தால் உள்ளே அடைபட்ட நீர் சட்டென்று கொதித்து முகத்தில் பாயும். அப்படிச் சுட்டுக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்," என்றார்.

இயந்திரம் ஆறியதும் முதலில் துணைத் தொட்டியைப் பார்த்தார். அதில் கூலண்ட் பச்சைப் பசேலென்று தெளிவாக இருந்தது.

"நேற்றுத்தான் புதிதாக ஊற்றச் சொன்னேன்," என்றார் முதியவர்.

பின்னர் ரேடியேட்டர் மூடியைத் திறந்தார் மெக்கானிக். மூடியின் அடிப்புறத்தில் வெண்ணெய் போன்ற பசை ஒட்டியிருந்தது. உள்ளே இருந்த நீர், பால் கலந்த தேநீரின் நிறத்தில் கலங்கியிருந்தது. துணைத் தொட்டியில் இருந்த பச்சை நிறத்தின் சுவடே அங்கு இல்லை.

இளைஞரின் முகம் வாடியது. கூலண்டில் எண்ணெய் கலந்தால் இயந்திரமே போய்விட்டது என்று நண்பர்கள் சொல்லக் கேட்டிருந்தார். "அண்ணே, வேண்டாம். நான் வேறு வண்டி பார்த்துக்கொள்கிறேன்," என்றார். முதியவரோ, "அது வெறும் துருதான். ஒரு தடவை கழுவிவிட்டால் சரியாகிவிடும்," என்றார்.

"நிறத்தை வைத்து இருவரும் இப்போதே முடிவு கட்ட வேண்டாம். காரணத்தைத் தேடுவோம்," என்றார் மெக்கானிக்.

அவர் கையுறை அணிந்துகொண்டு, கலங்கிய நீரைக் கண்ணாடிப் புட்டி ஒன்றில் எடுத்து மேசைமேல் அசையாமல் வைத்தார். துருவாக இருந்தால் அது அடியில் படியும். எண்ணெயாக இருந்தால் மெல்ல மேலே மிதக்கும். பள்ளியில் படிக்கும் அறிவியல்தான் அது. நீரைவிட எண்ணெய் அடர்த்தி குறைந்தது. இரண்டும் ஒன்றோடு ஒன்று கரைவதில்லை. வேகமாகச் சுழலும்போது சிறுசிறு துளிகளாகக் கலந்து பால்போலத் தோன்றினாலும், அசையாமல் வைத்தால் பிரியத் தொடங்கும்.

அது தெளியும்வரை மெக்கானிக் மற்றச் சோதனைகளைத் தொடர்ந்தார். எண்ணெய் கூலண்டுக்குள் நுழைய மூன்று வழிகள் உண்டு என்று அவர் இளைஞருக்கு விளக்கினார். முதலாவது, இயந்திரத்தின் மேற்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையில் உள்ள ஹெட் கேஸ்கெட் பழுதாவது. இரண்டாவது, இயந்திர எண்ணெயைக் குளிர்விக்கும் ஆயில் கூலர் ஓட்டையாவது. அதில் ஒருபுறம் எண்ணெயும் மறுபுறம் கூலண்டும் ஓடுகின்றன. இரண்டையும் பிரிப்பது மெல்லிய உலோகத் தகடுதான். மூன்றாவது, தானியங்கிக் கியர் வண்டிகளில் ரேடியேட்டருக்குள்ளேயே இருக்கும் கியர் எண்ணெய்க் குளிர்விப்பான் கசிவது. அந்த எண்ணெய் பெரும்பாலும் சிவப்பாக இருப்பதால் கூலண்ட் இளஞ்சிவப்பு நிறப் பால்போல மாறிவிடும்.

"இந்த வண்டிக்குக் கையால் மாற்றும் கியர். நிறமும் இளஞ்சிவப்பு இல்லை. ஆகவே, மூன்றாவது வழியை விட்டுவிடலாம்," என்றார்.

அடுத்து, ஹெட் கேஸ்கெட்டைச் சோதித்தார். அது பழுதானால் எரியறையின் புகை கூலண்டுக்குள் புகும். அந்தப் புகையில் கரிவளி இருக்கும். ரேடியேட்டரின் வாயில் கண்ணாடிக் குழாய் ஒன்றைப் பொருத்தி, அதில் நீல நிறச் சோதனை நீர்மத்தை ஊற்றினார். இயந்திரத்தை ஓடவிட்டு, ரேடியேட்டரில் இருந்து எழும் காற்றை அந்த நீர்மத்தின் வழியே இழுத்தார். கரிவளி இருந்தால் நீலம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். சில நிமிடங்கள் ஆகியும் நீலம் நீலமாகவே இருந்தது. ஐயத்துக்கு இடமில்லாமல் இருக்க மீண்டும் ஒருமுறை செய்து பார்த்தார். அப்போதும் நிறம் மாறவில்லை.

இயந்திர எண்ணெயின் அளவைக் காட்டும் கம்பியை உருவிப் பார்த்தபோது, எண்ணெய் கறுப்பாக இருந்ததே தவிரக் கலங்கியிருக்கவில்லை. இளைஞருக்கு வியப்பு ஏற்பட்டது.

"தண்ணீருக்குள் எண்ணெய் போயிருக்கிறது. எண்ணெய்க்குள் தண்ணீர் வரவில்லையே, ஏன் அண்ணே?"

"நல்ல கேள்வி. இயந்திரம் ஓடும்போது எண்ணெயின் அழுத்தம் கூலண்டின் அழுத்தத்தைவிடப் பல மடங்கு அதிகம். ஓட்டை இருந்தால் வலுவானது வலுவற்றதன் பக்கம் பாயும். ஆனால், இயந்திரத்தை நிறுத்தியதும் எண்ணெயின் அழுத்தம் போய்விடும். சூடான கூலண்டின் அழுத்தமோ சிறிது நேரம் நிற்கும். அப்போது தண்ணீர் எண்ணெய்ப் பக்கம் திரும்பும். ஓட்டை பெரிதானால் அதுவும் நடக்கும். எண்ணெயில் தண்ணீர் கலந்தால் உள்ளே இருக்கும் தாங்கிகள் தேய்ந்துவிடும்."

இதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் கடந்துவிட்டது. மூவரும் புட்டியைப் பார்த்தார்கள். மேலே பழுப்பு நிறத்தில் எண்ணெய்ப் படலம் மிதந்தது. நடுவில் கலங்கல் நீர். அடியில் செந்நிறத் துகள்கள். முதியவர் சொன்ன துருவும் அதில் இருந்தது. இளைஞர் அஞ்சிய எண்ணெயும் இருந்தது.

மெக்கானிக் சற்று நேரம் பேசாமல் நின்றார். முதியவர் அவருடைய பழைய வாடிக்கையாளர். இளைஞரோ அன்றுதான் முதன்முதலாக அங்கு வந்தவர். 'கழுவினால் போதும்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வண்டி விற்றுப் போயிருக்கும், முதியவரும் மகிழ்ந்திருப்பார். ஆயினும், அவர் முதியவரை நோக்கி, "ஐயா, உங்களை இருபது ஆண்டாகத் தெரியும். அதனால்தான் உங்கள் முன்னாலேயே சொல்கிறேன். கழுவினால் நிறம் மாறும், நோய் போகாது. ஆயில் கூலரில் ஓட்டை இருக்கிறது என்றே நினைக்கிறேன். கழற்றிப் பார்த்தால்தான் உறுதியாகும். நீங்கள் அனுமதித்தால் நாளைக்கே பார்த்துவிடலாம்," என்றார்.

முதியவரின் முகம் சிவந்தது. தம் நேர்மையை ஐயுறுகிறார்களோ என்று அவருக்கு வருத்தம். புட்டியை மீண்டும் ஒருமுறை பார்த்தார். "எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் நானே சொல்லியிருப்பேன். கழற்றிப் பாருங்கள்," என்றார் மெதுவாக. கழற்றும் கூலியைத் தாம் தருவதாக இளைஞர் சொன்னார்.

மறுநாள் ஆயில் கூலர் கழற்றப்பட்டது. அதன் வாய்களில் ஒன்றை அடைத்து, மற்றொன்றின் வழியே காற்றைச் செலுத்தி, தண்ணீர்த் தொட்டியில் மூழ்க வைத்தார்கள். தகட்டின் ஓரத்திலிருந்து சிறு குமிழிகள் வரிசையாக மேலே வந்தன. அதற்குப் பிறகு வாதத்துக்கு இடமில்லை.

மெக்கானிக் செய்ய வேண்டிய வேலைகளையும் செலவையும் ஒரு தாளில் எழுதி இருவரிடமும் கொடுத்தார். புதிய ஆயில் கூலர், புதிய எண்ணெய், வடிகட்டி ஆகியவை தேவை. குளிர்விப்புப் பாதையை எண்ணெய் நீக்கும் கரைசலால் பலமுறை கழுவ வேண்டும். எண்ணெய் பட்டு ஊறிப்போன ரப்பர் குழாய்கள் பின்னாளில் வெடிக்கக்கூடும் என்பதால் அவற்றையும் மாற்ற வேண்டும். முதியவர் அந்தத் தொகையை விலையிலிருந்து கழித்துக்கொள்ளச் சம்மதித்தார். வேலை முடிந்ததும் தானா ராத்தா வரை சுமையோடு ஓட்டிப் பார்த்த பின்பே மீதிப் பணத்தைக் கொடுப்பது என்றும் முடிவாயிற்று. அவ்வாறே ஓட்டிப் பார்த்தபோது வெப்பமானியின் முள் நடுவை விட்டு நகரவில்லை. இரண்டு வாரம் கழித்து மூடியைத் திறந்து பார்த்தபோதும் கூலண்ட் தெளிவாகவே இருந்தது.

பட்டறையில் வடித்த பழைய எண்ணெயும் கூலண்டும் கால்வாயில் கொட்டப்படவில்லை. மூடியுள்ள தனித்தனிக் கலன்களில் சேர்த்து வைக்கப்பட்டன. கழிவெண்ணெயை எப்படிக் கையாள வேண்டும் என்பதற்கு மலேசியாவில் 2005ஆம் ஆண்டின் சட்ட விதிமுறைகள் உள்ளன. எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. தரையில் சிந்திக் கிடந்தால் நாயும் பூனையும் நக்கி இறந்துபோகும். சிறு குழந்தைகளுக்கும் ஆபத்து.

'கண்ணால் காண்பதும் பொய், காதால் கேட்பதும் பொய், தீர விசாரிப்பதே மெய்' என்பார்கள் நம் முன்னோர். துணைத் தொட்டியின் பச்சை நிறம் கண்ணை ஏமாற்றியது. நண்பர்களின் பேச்சு காதில் அச்சத்தை ஊட்டியது. பச்சையை நம்பியிருந்தால் ஒரு தாயின் சேமிப்பு மலைச்சாலையில் ஆவியாகிப் போயிருக்கும். அச்சத்துக்கு இடங்கொடுத்திருந்தால் சரிசெய்யக்கூடிய ஒரு வண்டி வீணே ஒதுக்கப்பட்டிருக்கும். பொறுமையாகச் செய்த சில சோதனைகளும், பழகியவர் முன்னிலையிலும் உண்மையை மறைக்காத ஒருவரின் சொல்லும் இருவருக்குமே நன்மை செய்தன.