இரவில் கசியும் மின்சாரம்

நாமக்கல்லில் ஆட்டோ எலக்ட்ரீசியனைத் தேடி அலைய வேண்டியதில்லை. லாரிக்குப் பாடி கட்டும் ஊர். வெல்டர், பெயின்டர், டயர்க் கடை, பட்டை வேலை செய்பவர் என்று வரிசையாக இருப்பார்கள். நடுவில் எங்காவது செல்ப் மோட்டாரும் டைனமோவும் குவிந்து கிடக்கும் ஒரு சிறிய பட்டறை இருக்கும். நான் போனது சேலம் ரோட்டை ஒட்டிய அப்படி ஒன்றுக்கு. பழைய அம்பாசிடரில் தொழில் கற்ற மேஸ்திரி. அவரிடம் ஐடிஐ முடித்த இரண்டு பையன்கள்.

அன்றைய வண்டி ஒரு வாடகைக் கார். "ரெண்டு நாள் நிறுத்துனா ஸ்டார்ட் ஆவறதில்லீங்கண்ணா. போன மாசந்தான் புது பேட்டரி போட்டேனுங்க" என்றார் டிரைவர். முந்தின நாள் மாலையே பேட்டரிக்கு முழுசாகச் சார்ஜ் ஏற்றி, வண்டியைப் பட்டறையிலேயே விட்டுப் போயிருந்தார்.

மேஸ்திரி மீட்டரைத் தொடவில்லை. பானெட்டைத் திறந்து ஆல்டர்னேட்டரின் பின்பக்கம் உள்ளங்கையை வைத்தார். "நீங்களும் வெச்சுப் பாருங்க." வைத்தேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டி. இன்ஜின் இரும்பு சில்லென்று இருந்தது. ஆல்டர்னேட்டர் மட்டும் வெதுவெதுப்பாக இருந்தது. ஓடாத இயந்திரத்தில் சூடு இருந்தால் அதற்குள் கரண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்த நொடியிலேயே அவருக்குப் பாதி விடை தெரிந்துவிட்டது.

மீதிப் பாதிக்கு மீட்டர் வந்தது. பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றி, நடுவில் ஆம்பியர் மீட்டரைத் தொடராக இணைத்தார்கள். கதவைப் பூட்டிவிட்டு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும்; இன்றைய வண்டிகளில் கம்ப்யூட்டர் பெட்டிகள் அடங்க அவ்வளவு நேரமாகும். அவசரப்பட்டால் தப்பான எண் வரும். நிற்கும் வண்டி 0.05 ஆம்பியருக்குள் இழுத்தால் சரி. இது 0.8 இழுத்தது. பையன் ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்தான், எண் அசையவில்லை. பேட்டரி இணைப்பை எடுத்துவிட்டு ஆல்டர்னேட்டரின் தடித்த வயரைக் கழற்றி, மறுபடி மீட்டரை மாட்டியதும் 0.03-க்கு இறங்கியது.

ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்வது மூன்று ஃபேஸ் மாறுமின்சாரம். அதைப் பேட்டரிக்கு ஏற்ற நேர்மின்சாரமாக்குவது ஆறு டையோடுகள்: பிளஸ் தட்டில் மூன்று, மைனஸ் தட்டில் மூன்று. கரண்ட் ஒரே திசையில்தான் போக வேண்டும். வண்டி நிற்கும்போது பேட்டரியிலிருந்து திரும்பி வராமல் தடுப்பதும் இவைதான். தட்டுக்கு ஒன்றாவது கசிய ஆரம்பித்தால் பேட்டரி ராத்திரி முழுக்க அதன் வழியாக வடிந்துகொண்டே இருக்கும். பத்து மணி நேரத்துக்கு 8 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி பேட்டரி இரண்டு நாள் தாங்காது. பாவம், போன மாதம் மாற்றிய அந்தப் பழைய பேட்டரி மேல் ஒரு குற்றமும் இருந்திருக்காது.

ஸ்பானரை எடுத்தார்கள். நான்கு நீள போல்ட், ஆல்டர்னேட்டர் இரண்டாகப் பிரிந்தது. கார்பன் பிரஷ் தேயவில்லை, பேரிங் சத்தமில்லை, ரோட்டார் 3 ஓம் காட்டியது. ஸ்டேட்டரின் கம்பி முனைகளில் ஈயத்தை உருக்கி டையோடு தட்டைத் தனியே எடுத்தார் மேஸ்திரி. 12 வோல்ட் டெஸ்ட் லேம்பை ஒவ்வொரு டையோடிலும் முன்னும் பின்னுமாக வைத்தார். நல்ல டையோடாக இருந்தால் லேம்ப் ஒரு பக்கம் எரியும், மறுபக்கம் எரியாது. இரண்டு டையோடுகளில் மட்டும் மறுபக்கமும் இழை மங்கலாகச் சிவந்தது. குனிந்து, கையால் வெளிச்சத்தை மறைத்துப் பார்த்தால்தான் அது கண்ணுக்குத் தெரிகிறது. அவர் பார்க்கச் சொன்ன இடத்தில் முதலில் எனக்கு எதுவுமே தெரியவில்லை.

புதுத் தட்டு பற்றவைக்கும்போது எழுந்த புகை நேராக அவர் முகத்தில்தான் அடித்தது. பட்டறையில் புகையை இழுக்க ஒரு சின்ன மின்விசிறிகூட இல்லை. இந்தப் புகையை ஆண்டுக்கணக்கில் சுவாசிப்பவர்களுக்கு ஒரு விசிறி பெரிய கோரிக்கை அல்ல.

வண்டியில் மாட்டி ஓட்டியதும் 14.2 வோல்ட், ஹெட்லைட்டும் ஏசியும் போட்ட பிறகு 13.9. டிரைவர் முகம் தெளிந்தது. சார்ஜ் நன்றாக ஏறுகிறதா என்று பார்க்க, இன்ஜின் ஓடும்போதே பேட்டரி வயரைப் பிடுங்கப் போன சின்னப் பையனை மேஸ்திரி அதட்டினார்: "டேய், அது டைனமோ காலத்துப் பழக்கம். இதுல பிடுங்குனா வோல்டேஜ் எகிறி டையோடும் கம்ப்யூட்டரும் சேர்ந்து போயிரும்." அன்று அந்தப் பையன் கற்ற பாடங்களில் விலை உயர்ந்தது அதுதான் என்று நினைக்கிறேன்.

1961-இல் தொடங்கப்பட்ட லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம், சென்னை பாடியில் டைனமோவும் ஆல்டர்னேட்டரும் செய்தது. அவற்றைப் பிரித்துச் சரிசெய்யும் அறிவு இதுபோன்ற பட்டறைகளில்தான் கைமாறி வந்திருக்கிறது. இன்று பல இடங்களில் பிரிப்பதே இல்லை. முழு யூனிட்டை மாற்றிவிடுகிறார்கள். வேலை சீக்கிரம் முடியும், பில்லும் பெரிதாக வரும். பட்டறைக்காரரிடமோ, "பாத்துச் சொன்னதுக்கெல்லாமா காசு?" என்று பேரம் பேசுகிறோம். இது நியாயமே இல்லை. தட்டு மாற்றுவதைப் பழகிய எந்தக் கையும் செய்துவிடும். பழுது எங்கே என்று கண்டுபிடிப்பதுதான் தொழில். கூலியின் பெரும்பகுதி அதற்குத்தான் போக வேண்டும்.

உங்கள் வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாவிட்டால், புதுப் பேட்டரி வாங்கும் முன் ஒரு எலக்ட்ரீசியனிடம் காட்டி மீட்டர் வைத்துப் பாருங்கள். அவர் பார்த்துச் சொன்னதற்கும் கூலி கொடுங்கள்.